போஸ்டாபீசில் ஒரு பெரட்டு

தபால்தலையின் பின்பக்கப் பசைக்கென்று ஒரு ருசி உண்டு. நாக்கில் பட்டதும் லேசாக இனிக்கும், அடுத்த கணமே கசக்கும், கடைசியில் கஞ்சிப் பானையின் அடியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டதைப் போல ஒரு மாவு வாடை வெகுநேரம் தங்கி நிற்கும். என் பதினாறாவது வயதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ருசிதான், முகங்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். அந்த வயதில் ஒரு திங்கட்கிழமை காலை, மலேசியாவின் கோலா சிலாங்கூர் போஸ்டாபீசுக்கு வேலை பழகப் போன நான், வேலையைத் தொடாமல் ஸ்டாம்பு மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சிரித்தது, அதைத் தாங்கிக்கொண்ட எனக்கு உங்கள் சிரிப்பு எம்மாத்திரம்!

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் இடைநிலைப்பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்த தேவராஜன் சார் தலையில், மாணவர்களுக்கு வேலை வழிகாட்டும் பொறுப்பையும் கட்டி வைத்திருந்தார்கள். மனிதர் அதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை, பேய் பிடித்தது போல ஏற்றுக்கொண்டார். கேன்டீனில் நாசி லெமாக் சோறு வாங்க நிற்கிறவனைப் பிடித்து "உன் எதிர்காலம் என்ன?" என்பார். சைக்கிளில் காற்று இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவளை மறித்து "உன் எதிர்காலம் என்னம்மா?" என்பார். "காத்தடிக்கணும் சார்" என்று அவள் சொன்னால் அதற்கும் ஒரு கால்மணி நேரம் அறிவுரை உண்டு. அதனால் அவருக்கு "எதிர்காலம் சார்" என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், "டேய், எதிர்காலம் வருதுடா, ஓடு!" என்று பையன்கள் புதரில் போய் ஒளிந்துகொள்வார்கள்.

நான்காம் படிவத்தில் ஒருநாள், என்ன வேலைக்குப் போக ஆசை என்று ஒவ்வொருவரையும் எழுந்து நின்று சொல்லச் சொன்னார். டாக்டர் என்றார்கள், வக்கீல் என்றார்கள், போலீஸ் என்றார்கள். எங்கள் தோட்டத்து அடுத்த லயத்துப் பையன் குமார், விமானம் ஓட்டப் போவதாகச் சொன்னான். அவன் அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை, அதிலும் இரண்டு முறை கால்வாயில் விழுந்திருக்கிறான். என் முறை வந்தது. எனக்கு வேலைகளின் பெயர் எதுவும் தெரியவில்லை. "ஃபேனுக்குக் கீழ உட்கார்ற வேலை சார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சார் மட்டும் சிரிக்காமல், அதையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், நான் அதுவரை பார்த்திருந்தது ஒரே ஓர் ஆபீஸ், அதையும் வெளியிலிருந்துதான் பார்த்திருந்தேன். தோட்டத்து ஆபீசுக்குக் கதவு ஒன்று இருந்தது. ஆனால் அது எங்களுக்கான கதவு இல்லை என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஆட்களுக்குப் பக்கவாட்டில் ஒரு சன்னல். சம்பளமானாலும், ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டுச் சீட்டானாலும், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்ற புகாரானாலும் அந்தச் சன்னல்தான். வெயிலில் நின்று, குனிந்து, உள்ளே இருட்டில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து பேச வேண்டும். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், கிராணியின் தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஃபேன் ஒன்றுதான்.

அப்பாவின் பெயர் முனியாண்டி. நீளக் கழியில் அரிவாள் கட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவர். காட்டில் அவர் குரல் கேட்டால் நாலு வரிசை மரம் தாண்டி இருக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான், அதே மனிதர் ஆபீஸ் சன்னலுக்கு முன்னால் போனால் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குரலை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவர் போல நிற்பார். எப்போதோ ஒருமுறை, கூட வேலை செய்தவருக்குக் கால் வெட்டுப்பட்ட அவசரத்தில், அப்பா சேற்றுக் காலோடு அந்தக் கதவு வழியாக உள்ளே ஓடிவிட்டாராம். "எங்கடா வர்றே, வெளிய நில்லு!" என்று அப்போதிருந்த கிராணி எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். இதை அப்பா ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். ஆனால் அதிலிருந்து பிறந்த சட்டம் ஒன்றை அப்பா அடிக்கடி சொல்லுவார்: "ஆபீஸ்னா வெளிய நிக்கணும். பேரக் கூப்பிட்டாத்தான் போவணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துட்டே இருக்கணும்."

அந்த வருடம் என் படிப்புக்கே ஒரு கண்டம் வந்திருந்தது. கிள்ளானில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, சா ஆலாம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம், வெள்ளைக் கோட்டு கொடுப்பார்களாம், உள்ளே குளுகுளுவென்று இருக்குமாம். "ஃபேனுதானே கேட்டே, அங்க ஏர்கோனே இருக்கு லா" என்று அத்தை என்னைக் கிண்டல் வேறு செய்தார். பேக்டரி வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, என்னோடு ஆடிப் பாடிய எத்தனையோ பெண்கள் அங்கே போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தை, எங்கள் பேச்சில் அஞ்சாம் பாரத்தை, படித்து முடிக்க வேண்டும் என்று வெறியாகவே இருந்தது. அப்பாவோ, "படிச்சு முடிச்சு எந்த ஆபீஸ்ல உள்ள விடப் போறான்? வாசல்ல நிக்கறதுக்கு எதுக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு?" என்று முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் எதிர்காலம் சார் காதுக்குப் போனது. மனிதர் அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு வந்து இறங்கிவிட்டார். இரண்டாம் தவணை விடுமுறையில் நான்காம் படிவ மாணவர்களை ஒரு வாரம் ஊரில் உள்ள வேலையிடங்களுக்கு அனுப்பிப் பழக்கப் போவதாகவும், எனக்குப் போஸ்டாபீசில் இடம் பேசியிருப்பதாகவும் சொன்னார். "ஃபேன் கேட்டாள் உங்க மக. அங்க ரெண்டு ஃபேன் இருக்கு" என்றார். அப்பா அசையவில்லை. அம்மா சூடாகக் கொண்டுவந்து வைத்த வரக்கோப்பியைச் சார் குடித்துவிட்டு, கடைசியில் ஒரு பந்தயம் போல இப்படிச் சொன்னார்: "ஒரு வாரம் விடுங்க முனியாண்டி. அங்க யாராவது ஒருத்தன் இவளக் கேவலமா ஒரு வார்த்தை பேசினான்னு வைங்க, நானே கூட்டிட்டுப் போய் பேக்டரி வேன்ல ஏத்தி விடறேன். இல்லேன்னா அஞ்சாம் பாரம் முடிக்கற வரைக்கும் நீங்க இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது." அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா அடுப்பைப் பார்த்தார். "செரி, ஒரு வாரம்" என்றார் அப்பா. என் ஒரு வருடத்துப் படிப்பு அந்த ஒரு வாரத்தில் போய்த் தொங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் "பெரட்டு" என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், தோட்டத்தில் பிறக்காதவர்கள் மன்னிக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் தொழிலாளர்கள் எல்லாரும் ஆபீசுக்கு வெளியே கூடி வரிசையாக நிற்பார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அதுதான் பெரட்டு. பெயர் கூப்பிடும்போது நீ இல்லையென்றால் அன்றைக்கு உனக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. எங்களுக்கு வேலை என்ற சொல்லுக்கே முதல் அர்த்தம் பெரட்டில் போய் நிற்பதுதான்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை, எட்டு மணிக்குத் திறக்கும் போஸ்டாபீசுக்கு, நான் இருட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். அப்பா தன் பெரட்டுக்குப் போகும் முன்னால் என்னைச் சைக்கிளில் வைத்து முச்சந்திக்குக் கொண்டுவந்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "பேரு கூப்பிடறப்ப காதுல விழற மாதிரி முன்னால நில்லு" என்பதுதான் அவர் சொன்ன ஒரே புத்திமதி. கையில் தூக்குச்சட்டி, அதில் அம்மா கட்டிக்கொடுத்த சோறும் நெத்திலிச் சம்பலும். ஊரில் மீன் இறக்குகிறவர்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்த குரங்குகள் மட்டும் போஸ்டாபீஸ் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, நானும் பெரட்டுக்கு வந்தவள்தான் என்பது போல நகர்ந்து இடம் கொடுத்தன. தூக்குச்சட்டியை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றேன்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்திருந்ததால், தள்ளிய தள்ளலில் நான் நேராகப் போய் கவுன்டருக்கு முன்னால் நின்றேன். அந்தப் பக்கத்தில், தலையை மூடிப் பூப்போட்ட துடோங் துணி கட்டிய ஒரு மலாய்ப் பெண்மணி. பிற்பாடு எனக்கு "காக் ரொக்கியா", அதாவது ரொக்கியா அக்கா, ஆனவர், அப்போது எனக்கு வெறும் ஆபீஸ்காரர். அவர் என் பெயரைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவரோ, என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டுமே! பின்னால் வரிசை முணுமுணுக்கிறது, கவுன்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனால் திட்டுவார்கள் என்ற பயம் வேறு. "ஒரு ஸ்டாம்பு" என்றேன். கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

ஐயோ, அதோடு விட்டேனா! அடுத்த முறையாவது பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு வரிசையோடு நகர்ந்து நகர்ந்து போவதும், அவர் என்ன வேண்டும் என்று கேட்பதும், நான் ஸ்டாம்பு கேட்பதும், வெளியே வந்து மறுபடியும் நிற்பதுமாகக் காலை முழுக்கப் போனது. காக் ரொக்கியா, இந்தப் பிள்ளைக்கு எத்தனை சொந்தக்காரர்களோ என்று நினைத்திருக்க வேண்டும். கையில் வைத்திருந்த ஸ்டாம்புகள் வேர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரிக்க நாக்கால் ஈரம் தொட்டுத் தொட்டுத்தான் அந்த ருசி எனக்குப் பழகியது. அப்பா கொடுத்த பஸ் காசெல்லாம் ஸ்டாம்பாகி, திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்தபோது அழுகை வரத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் எதிர்காலம் சார், தன் பிள்ளைகள் எப்படி வேலை பழகுகிறார்கள் என்று பார்க்க ஒவ்வோர் இடமாகச் சுற்றிக்கொண்டு போஸ்டாபீசுக்கு வந்தார். உள்ளே போனார். போஸ்ட் மாஸ்டர் என்சே ஹமிட், அதாவது ஹமிட் ஐயா, நல்ல உயரமும் நரைத்த மீசையுமாக ஒரு மலாய்க்காரர், "உங்கள் பிள்ளை வரவே இல்லையே" என்று கையை விரித்தார். சார் முகம் தொங்கிப்போய் வெளியே வந்தவர், வரிசையில் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க என்னம்மா செய்யறே?"

"பெரட்டுல நிக்கிறேன் சார். இன்னும் பேரு கூப்பிடல."

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி நின்று கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு என் தோளைப் பிடித்து, கவுன்டரைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் இருந்த கதவு வழியாக என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்த வாசற்படியைத் தாண்டும்போது என் கால் கூசியது இன்றைக்கும் உள்ளங்காலில் இருக்கிறது. நடந்ததைச் சார் மலாயில் சொல்ல, காக் ரொக்கியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, சிரித்த கையோடு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஸ்டாம்பையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தார். ஒன்றை மட்டும் வாங்க முடியவில்லை, நான் நக்கி நக்கி அதன் பசை போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, என்சே ஹமிட் ஒரு வெற்றுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மண்டோர் போலக் குரல் எடுத்து, "செல்வி! ஹாடிர்?" என்றார். இருக்கிறாயா என்று பள்ளிக்கூடத்தில் வருகைக்குக் கூப்பிடும் சொல் அது. "ஹாடிர், துவான்!" என்று ஐயா போட்டு நான் கத்திய கத்தலில் குரங்குகள் சிதறி ஓடின. அந்த வாரம் முழுக்க அவர் ஒருநாளும் அதைத் தவறவிடவில்லை.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. கடிதங்களின் மேல் "சாப்பு" என்னும் முத்திரை குத்துவதில் ஒரு தாளம் உண்டு, மைக்கட்டையில் ஒரு தட்டு, ஸ்டாம்பின் மேல் ஒரு தட்டு. முதலில் விரலில் குத்திக்கொண்டேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டே குத்தும் அளவுக்குக் கை தேறியது. ஸ்டாம்பை நாக்கில் ஈரப்படுத்தப் போன என்னைக் காக் ரொக்கியா அதட்டி, தண்ணீரில் ஊறிய பஞ்சுக் கிண்ணத்தைக் காட்டிக்கொடுத்தார். மூன்றாம் நாளிலிருந்து அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னைக் கவுன்டரில் உட்கார வைத்து, ஸ்டாம்பு மட்டும் விற்கச் சொன்னார். தலைக்கு மேலே ஃபேன். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஃபேனை மறந்துபோனேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிற முகங்கள் அவ்வளவு வேடிக்கையாக இருந்தன.

லயத்தில்தான் நிலைமை சரியில்லை. விமானம் ஓட்ட ஆசைப்பட்ட குமாரை, "ரெண்டும் ஜனங்கள ஏத்தி எறக்குற தொழில்தானேப்பா" என்று சொல்லிப் பஸ் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார் சார். அந்தப் பாவி திங்கட்கிழமை பஸ் நிலையத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டான். அன்று மாலைக்குள் குழாயடி, கடை, கோயில் வாசல் எங்கே போனாலும், "என்ன செல்வி, நமக்கொரு ஸ்டாம்பு கெடைக்குமா?" என்று ஒரே கேலி. கேலி எனக்கு உறைக்கவில்லை. அப்பாவின் முகம்தான் உறைத்தது.

"உன்னை வெளிய நிக்க வெச்சிட்டாங்க, இல்ல?" என்றார்.

"இல்லப்பா. நாந்தான் நின்னேன்."

"எனக்காகப் பொய் சொல்லாத. எங்களுக்குத் தெரியாதா ஆபீஸ்காரனுங்கள?" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். உள்ளே உட்கார்ந்து ஸ்டாம்பு விற்கிறேன் என்று அதற்குப் பிறகு நான் எத்தனை முறை சொல்லியும் அவர் நம்பவில்லை. வியாழக்கிழமை, கிள்ளானுக்குப் போகும் ஒருவரிடம், அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவதாகச் செய்தியும் சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவது அவர் இல்லை, நான். இத்தனை நன்றாக நடந்த ஒரு வாரம், நான் செய்த ஒரு காலை நேரத்துக் கோமாளித்தனத்தால் வீணாகிவிட்டதே என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்காக அடைத்திருந்த போஸ்டாபீசைப் பிற்பகலில் மறுபடி திறந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். "வெளியே ஓர் ஆள் ரொம்ப நேரமாக நிற்கிறார், உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை" என்று காக் ரொக்கியா என் முழங்கையை இடித்தார். பக்கவாட்டுச் சன்னலைப் பார்த்தேன். அந்தச் சன்னலில் யாரும் எதையும் வாங்குவதில்லை, விற்பதும் இல்லை, வெளிச்சத்துக்காக வைத்த சன்னல் அது. அதற்கு வெளியே, நல்ல வெயிலில், கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையோடு, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் அப்பா நின்றுகொண்டிருந்தார். யாராவது தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

முன்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், எழுந்து ஓடவும் முடியவில்லை. "எங்க அப்பா" என்று மட்டும் சொன்னேன். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த என்சே ஹமிட் சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திங்கட்கிழமைப் பெரட்டு அவருக்கு மறந்திருக்குமா? அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்வாசலுக்குப் போய் நின்று, தெருவே கேட்கும்படி கூப்பிட்டார்:

"என்சே முனியாண்டி! ஹாடிர்?"

பெரட்டில் நின்று நின்று பழகிய உடம்பு. அப்பா சட்டென்று நிமிர்ந்து, "இருக்கேன்யா!" என்று காட்டுக் குரலில் பதில் கொடுத்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்சே ஹமிட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, தோளில் கைபோட்டு, முன்வாசல் வழியாக உள்ளே அழைத்து வந்தார். செருப்பைக் கழற்றப் போனவரை, வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தார். உள்ளே வந்த அப்பாவுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலே ஃபேனைப் பார்த்தார். பிறகு, ஆபீசில் வரிசை இருந்தால் நிற்க வேண்டும் என்ற ஒன்று மட்டும் தெரிந்ததால், வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

ஒவ்வொருவராக நகர்ந்து, அப்பா எனக்கு முன்னால் வந்தார். நடுவில் கண்ணாடி. நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லேசாகக் குனிந்து, சன்னமான குரலில் சொன்னார்: "ஒரு ஸ்டாம்பு குடுங்கம்மா."

மகள் என்று தெரியாமல் அவர் அப்படிப் பேசவில்லை. தெரிந்துதான் சொன்னார். அதுவரை என்னை "ஏ புள்ள" என்றும் "அடியே" என்றும் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டறியாத மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட வேகமாகக் கண்ணீர் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, ஓரம் கிழியாமல் ஒரு ஸ்டாம்பைப் பிரித்து, மீதிக் காசோடு நீட்டி, காக் ரொக்கியா சொல்லிக்கொடுத்தபடி "தெரிமா காசே" என்று நன்றி சொன்னேன். அப்பாவும் "தெரிமா காசே" என்றார். யாருக்கும் கடிதம் எழுதிப் பழக்கமில்லாத அவர், அந்த ஸ்டாம்பை அடையாள அட்டையின் உறைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார். வெளியே போகவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆபீஸ் மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். சன்னல் வழியே செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, அப்பா அவற்றில் எது பழுத்திருக்கிறது என்று பார்க்கிறவர் போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் முச்சந்தி தெரிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"உள்ள உட்கார வெச்சிருக்காங்க."

"ம்."

"நாற்காலி குடுத்திருக்காங்க."

"நாந்தான் சொன்னேனேப்பா."

"செரி செரி, ரொம்பப் பேசாத. அத்தைக்கு இந்த வருசம் இல்லேன்னு சொல்லிடறேன்." பிறகு மணியை அழுத்திவிட்டு, "அடுத்த வருசமும் இல்லதான்" என்றார். அன்று சாயங்காலம் குழாயடியில் ஸ்டாம்பு கேட்டுக் கேலி செய்த குமாரைப் பிடித்து நிறுத்தி, "எம்மவகிட்ட வாங்கணும்னா வரிசைல நிக்கணும் தம்பி. நானே நின்னுதான் வாங்குனேன்" என்று அப்பா சொன்னதை, குமார் பிற்காலத்தில் என் கல்யாணத்தில் மேடையேறிச் சொல்லிச் சிரித்தான். அவன் விமானம் ஓட்டவில்லை. கிள்ளான் வழிப் பஸ்ஸை வெகுகாலம் ஓட்டினான், நன்றாகவே ஓட்டினான்.

ஐந்தாம் படிவம் முடித்து நான் வேலைக்கு மனுப் போட்ட அன்று, உறையில் ஒட்ட வீட்டில் ஸ்டாம்பு இல்லை. அப்பா அடையாள அட்டையை எடுத்து, உள்ளேயிருந்து அந்த ஸ்டாம்பை இழுத்தார். அவர் வேர்வை பட்டுப் பட்டு அதன் பசை போய்விட்டிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, தானே ஒட்டி, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் கவுன்டர் வேலை கிடைத்தது. சோற்றுப் பருக்கையால்தான் கிடைத்தது என்று அப்பா கடைசிவரை நம்பினார்.

எதிர்காலம் சார் அப்போது பந்தயத்தில் ஜெயித்ததோடு நில்லாமல், அடுத்த வருடத்திலிருந்து வேலை பழகப் போகிறவர்களுக்கு முதல் பாடமாகக் கதவு வழியாக உள்ளே போவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதாகக் கேள்வி. ஊர்ப்பிள்ளைகள் சிரித்தார்களாம், தோட்டத்துப் பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்களாம்.

இப்போது எங்கள் லயம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக மாடி வீடுகள். பெரட்டு என்றால் என்ன என்று என் பிள்ளைகளுக்கே தெரியாது. போஸ்டாபீசில் வரிசை கிடையாது, எண் சீட்டு எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஸ்டாம்புக்குப் பின்னால் பசையும் இல்லை, உரித்து ஒட்டினால் போதும். போன மாதம் பழக்க தோஷத்தில் ஒன்றை நாக்கில் வைத்துவிட்டேன், வெறும் காகிதம், ஒரு ருசியும் இல்லை.

வருடா வருடம் என் அலுவலகத்துக்கு மாணவர்கள் வேலை பழக வருகிறார்கள். அவர்கள் வரும் முதல் நாள், நான் ஒருமுறை வெளியே போய் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் என் இடத்தில் உட்காருவேன். இதுவரை ஒருவரும் நின்றதில்லை. இந்த வருடம் வந்த பெண் நேராக உள்ளே வந்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஆன்ட்டி, இங்க வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டாள். கேட்ட தோரணையைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்பாவும் அப்படித்தான் மாறிப்போனார். வயதான காலத்தில் என்னைப் பார்க்க ரவாங்குக்கு வருவார், பொதுமக்கள் வாசலைத் திரும்பியும் பார்க்காமல், ஊழியர்கள் போகும் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிடுவார். காவலாளி, எங்கே போகிறீர்கள் என்று மறித்தால், "எம்மவ உள்ள இருக்கா" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று பயமாகவும் இருக்கும். இப்போது அந்தக் கதவுக்கு அட்டை தேய்க்க வேண்டும், அட்டை இல்லாதவர்கள் யாராயிருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அந்தச் சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. நல்லவேளை, மறுபடியும் அவர் வெளியே நிற்க வேண்டி வரவில்லை.